கொடி ஏறுமுன் கேட்ட வேட்டு

முட்டி தெரிய நின்ற வாத்தியாரை நீங்கள் யாராவது அந்தக் காலத்தில் பார்த்திருக்கிறீர்களா? என் வயசுக்காரர்கள் மட்டும் பதில் சொன்னால் போதும். மற்றவர்களுக்கு இதில் என்ன அதிர்ச்சி என்றே விளங்காது. என் பேரன் அரைக் கால்சட்டையோடு கல்யாணத்துக்கே போய்விட்டு வருகிறான். ஆனால் நான் மூன்றாம் வகுப்பு படித்த வருஷம், ஆம்பூர்ப் பக்கத்து எங்கள் ஊருக்குக் காக்கி அரைக் கால்சட்டையும் கழுத்தில் விசிலுமாக ஒரு பெரிய மனுஷர் ரயிலிலிருந்து இறங்கி நடந்து வந்தபோது, கிணற்றடியில் நின்ற பெண்கள் குடத்தை அப்படியே விட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அம்மா மூச்சிரைக்க வீட்டுக்குள் வந்தாள்.

"ஐயய்யோ, இந்தக் கூத்தைக் கேட்டீங்களா? மீசை மொளைச்ச ஆம்பள, முட்டி தெரிய வர்றான். இன்னாடான்னு கேட்டா சர்க்கார் உத்தரவாம்!"

சர்க்கார் உத்தரவுதான். எங்கள் ஊரில் மூன்று பள்ளிக்கூடங்கள் இருந்தன. மிஷன் பள்ளியில் வெள்ளைக்காரத் துரைசானி ஆர்மோனியம் வாசிக்க, பிள்ளைகள் கையைத் தூக்கி இறக்குவார்கள். முஸ்லிம் பள்ளியில் பட்டாளத்திலிருந்து திரும்பிய ஒருவர் பையன்களுக்குக் கம்பைக் கொடுத்துத் துப்பாக்கி மாதிரி பிடித்துக்கொண்டு நடக்கச் சொல்வார். நான் படித்த போர்டு பள்ளியில் வாத்தியார் புளிய மரத்தடியில் தூங்குவார், நாங்கள் புளியம்பழம் பொறுக்குவோம். எங்களுக்குக் கசரத்து என்றால் அதுதான். இது சரிப்படாது, இனிமேல் எல்லாப் பள்ளிக்கும் ஒரே உடற்பயிற்சிப் பாடம், பயிற்சி பெற்ற ஒரே மாஸ்டர், எல்லோரும் சேர்ந்து ஒரே விளையாட்டு விழா என்று மெட்ராஸில் உட்கார்ந்து யாரோ முடிவு செய்துவிட்டார்கள். அந்த ஒரே மாஸ்டர்தான் இந்த முட்டிக்காரர். எல்லோரும் டிரில் மாஸ்டர் என்றோம்.

கெட்டவர் இல்லை, சொல்லிவிடுகிறேன். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். ஊருக்கு வந்த முதல் வாரம் தோல் பதனிடுகிற தோல் ஷாப் நாற்றம் தாங்காமல் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டேதான் விசில் ஊதப் பார்த்தார். அது எப்படி ஊதும்? நாங்கள் சிரித்த சிரிப்பில் அவரும் சிரித்துவிட்டார். அதற்குள் எங்கள் வாத்தியாரைத் தூக்கத்திலிருந்து எழுப்பிவிட்டார், பெண் பிள்ளைகளையும் பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடச் சொன்னார். தோல் ஷாப் முதலாளியிடம் போய், ஆற்றங்கரையில் தோல் காயப்போடும் மைதானத்தைப் பந்தயத்துக்குக் கேட்டு வாங்கினார். தோலோடு தொட்டியில் ஊறிச் சக்கையாகிப்போன ஆவாரம்பட்டையை வண்டி வண்டியாகக் கொட்டித் தாண்டுகுழி போட்டார். அதில் விழுந்தால் மெத்தென்று இருக்கும். வீட்டுக்கு வந்தால் குளிக்காமல் உள்ளே விடமாட்டார்கள்.

அவருக்குத் தலைவலி ஓட்டப் பந்தயத்தில்தான் வந்தது. மிஷன் பையன்கள் விசில் ஊதினால்தான் ஓடுவார்கள். முஸ்லிம் பள்ளிப் பையன்களுக்குக் கைத்துணியை உதறவேண்டும். எங்கள் பையன்களுக்கு 'ஒண்ணு, ரெண்டு, மூணு' சொல்லவேண்டும், ஆனால் 'ரெண்டு' என்னும்போதே பாதிப் பேர் போய்விட்டிருப்பார்கள். ஒத்திகைக்கு ஒத்திகை அடிதடி. 'அவன் முன்னாடியே ஓடிட்டான்' என்று மூன்று பள்ளியும் மூன்று பக்கம் கத்தும். வேலூரிலிருந்து கல்வி அதிகாரி நேரில் வந்து பார்க்கப்போகிறார், அவர் முன்னால் இப்படி நடந்தால் மானம் போய்விடும். யாரும் மறுபேச்சுப் பேசமுடியாத ஒரு சத்தம் வேண்டும் என்று டிரில் மாஸ்டருக்குத் தோன்றியது. அப்படித்தான் ஒரு சாயங்காலம் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

ஏன் எங்கள் வீட்டுக்கு வந்தார் என்று சொல்கிறேன். என் நைனாதான் ஊர் வேட்டுக்காரர். தாத்தா காலத்து வேட்டுக்குழாய் ஒன்று எங்களிடம் இருந்தது. முழ உயரம், வார்ப்பிரும்பு, அடியில் சின்னதாக ஒரு துளை. கருமருந்தைப் போட்டு, மேலே செங்கல் தூளை இடித்துக் கெட்டித்து, தள்ளி நின்று நீளக் கோலால் துளையில் நெருப்பை வைத்தால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற மாடுகூட மிரளும். மாரியம்மன் திருவிழாவுக்கு நைனா வேட்டு வைப்பார். ஆனால் அவருக்குப் பெருமை அதில் இல்லை. நோன்பு மாசம் முழுக்க, பொழுது சாய்ந்ததும் மசூதி மினாரில் பச்சைக் கொடி ஏறும். குளத்து மேட்டில் தயாராக நிற்கிற நைனா அந்தக் கொடியைப் பார்த்து வேட்டு வைப்பார். அந்தச் சத்தம் கேட்டால்தான் ஊரில் நோன்பு திறப்பார்கள். ஒலிபெருக்கி ஏது அப்போது? சந்துக்குள், உயரச் சுவர்களுக்குள் இருக்கிற பெண்களுக்குச் சூரியன் ஏது, கொடி ஏது? நைனாவின் வேட்டுதான் எல்லாம்.

நோன்பு மாசம் பூராவும் நைனா கறி தொடமாட்டார், குளித்துவிட்டுத்தான் குழாயைத் தொடுவார். வேட்டு முடிந்து அவர் வீடு வந்து சேரும்போது, மசூதியை நிர்வகிக்கிற முத்தவல்லி சாயுபுவின் பேரன் தூக்கு நிறையக் கஞ்சியோடு எங்கள் வாசலில் நிற்பான். நான் வேறு எந்த வீட்டிலும் சாப்பிட்டதில்லை அப்படி ஒரு கஞ்சி. பட்டையும் பூண்டும் புதினாவும் சூடு பறக்க மூக்கில் ஏறும். அந்தப் பேரன்தான் முஸ்லிம் பள்ளியிலேயே வேகமாக ஓடுகிறவன்.

டிரில் மாஸ்டர் விஷயத்தைச் சொன்னார். நைனா காதைப் பொத்திக்கொண்டார்.

"மாஸ்டரையா, இது நோன்பு மாசம். நேரங்கெட்ட நேரத்துல இந்தக் குழாய் கத்துச்சின்னா ஊரு இன்னா ஆவும் தெரியுமா?"

"நேரங்கெட்ட நேரத்தில் எதற்கு? மூன்று மணிக்கெல்லாம் கடைசி ஓட்டம் முடிந்துவிடும்."

"பந்தயத்தைத் தள்ளி வெச்சிக்கோங்களேன். பண்டிகை இந்தா வந்துடும்."

"ஜில்லா முழுக்க ஒரே வாரம், வேட்டுக்காரரே. தேதி என் கையில் இல்லை."

நைனா மேல்துண்டைப் போட்டுக்கொண்டு முத்தவல்லியிடம் போனார். நானும் ஒட்டிக்கொண்டு போனேன். முத்தவல்லி சாயுபு வெள்ளைத் தாடி, ஒரு கண்ணில் பூ விழுந்தவர். நைனா சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"புள்ளைங்க ஆசையா இருக்குதுங்க. என் பேரனே ராத்திரி பகலா அதே பேச்சு. வெய்யி. ஆனா மத்தியானம் வெய்யி. இன்னிக்கே தண்டோரா போட்டு ஊருக்குச் சொல்லிடு. சாயங்காலம் அஸர் தொழுகைக்கு அப்புறம் அந்தக் குழாய்ல நீ கை வெக்கக் கூடாது."

"என் உசுரு போனாலும் வெக்கமாட்டேன், சாயுபு" என்றார் நைனா. தண்டோராவும் போட்டாகிவிட்டது: மூன்று மணிக்குக் கேட்பது பந்தய வேட்டு, யாரும் பயப்படவேண்டாம்.

பந்தயத்தன்று விடிந்ததிலிருந்தே சூரியனைக் காணோம். மார்கழி மேகம் மலையிலிருந்து இறங்கி ஊரை மூடிக்கொண்டு கிடந்தது. மைதானத்தில் தோலையெல்லாம் சுருட்டி எடுத்திருந்தார்கள், ஆனாலும் உப்பும் கொழுப்பும் தரையில் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தன. பெண் பிள்ளைகள் நாங்கள் கயிறு தாண்டிக் காட்டினோம். அம்மா வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கூட்டத்தின் கடைசியில் வந்து நின்றாள். சாக்கு ஓட்டம், தாண்டுதல், குண்டு எறிதல் எல்லாம் விசிலிலேயே முடிந்தன. பாக்கி இருந்தது கடைசிப் பெரிய ஓட்டம். அதற்குத்தான் வேட்டு, அதற்குத்தான் கோப்பை. நைனா குழாயில் மருந்தைக் கெட்டித்து, கோலின் நுனியில் கயிற்றைப் புகையவைத்துத் தயாராக நின்றார்.

மூன்று மணி ஆயிற்று. அதிகாரியைக் காணோம். அவருடைய கார் பள்ளிகொண்டாவில் டயர் வெடித்து நிற்கிறது என்று யாரோ சைக்கிளில் வந்து சொன்னார்கள். அவர் பார்க்காமல் ஓட்டம் நடக்கக் கூடாது என்றார்கள் பெரியவர்கள். உட்கார்ந்தோம். அஸர் பாங்கு கேட்டது. நைனா டிரில் மாஸ்டரிடம் போய்ச் சொன்னார், இனிமேல் விசில்தான் என்று. "பார்க்கலாம், பார்க்கலாம்" என்றார் அவர். பார்த்துக்கொண்டே இருந்தோம். வெளிச்சம் மங்கிக்கொண்டே வந்தது. முத்தவல்லியின் பேரனும் நோன்பு. அவன் உதடு வெடித்திருந்தது, ஆனாலும் கோடு போட்ட இடத்தை விட்டு அவன் நகரவில்லை.

பொழுது சாயப்போகிற நேரத்துக்குக் கார் வந்தது. அதிகாரி இறங்கியதும் கைக்கடியாரத்தைப் பார்த்தார். "சீக்கிரம், சீக்கிரம்" என்றார். மூன்று பள்ளிப் பையன்களும் கோட்டில் நின்றுவிட்டார்கள்.

"வைங்க, வேட்டுக்காரரே" என்றார் டிரில் மாஸ்டர்.

"முடியாதுங்கய்யா. ஊரே வாயில தண்ணிய வெக்கக் காத்துக்கிட்டிருக்குது. விசிலை ஊதி விடுங்க."

"விசிலுக்கு ஓடினால் இவர் முன்னால் அடித்துக்கொள்வான்கள். வானத்தைப் பாருங்கள், இன்னும் வெளிச்சம் இருக்கிறது. கண் இருக்கிறவனுக்குத் தெரியாதா?"

அந்த மனுஷர் தப்புக் கணக்குப் போட்டது அங்கேதான். திறந்த வெளியில் நின்றுகொண்டு, சந்துக்குள் இருக்கிறவர்களுக்கும் வானம் தெரியும் என்று நினைத்துவிட்டார். இப்போது யோசித்தால் அவர்மேல் எனக்குக் கோபம் பாதிதான் வருகிறது. மருந்து கெட்டித்த குழாயைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. நைனா கோலைத் தூர வீசி எறிந்தார். "நான் போய் சாயுபுகிட்ட கேட்டுக்கிட்டு வர்றேன், அதுவரைக்கும் பொறுங்க" என்று கத்திக்கொண்டே ஊரைப் பார்த்து ஓடினார். நானும் பின்னாலேயே ஓடினேன். மைதானத்து மூலையில் திரும்பிப் பார்த்தேன். வீசிய கோல் டிரில் மாஸ்டர் கையில் இருந்தது. அவர் குனிந்துகொண்டிருந்தார்.

'நைனா' என்று கத்த வாயைத் திறந்தேன். வேட்டு வெடித்துவிட்டது.

நைனா நின்றுவிட்டார். ஒரே ஒரு நொடிதான். பிறகு அவர் ஓடினதைப் போல ஒரு ஓட்டத்தை நான் என் ஆயுசில் பார்த்ததில்லை. கோணிப் படுதா தொங்குகிற வாசல் வாசலாகக் கையால் அறைந்துகொண்டே ஓடினார்.

"தொறக்காதீங்கம்மா! அது நோன்பு வேட்டு இல்லம்மா! பந்தய வேட்டு! தொறக்காதீங்க தாயே!"

யார் கேட்டார்கள்? படுதாவுக்குப் பின்னால் டம்ளர்கள் மோதும் சத்தம், 'பிஸ்மில்லா' என்ற குரல்கள். ஒரு வாசலில் உடம்பெல்லாம் தளர்ந்த ஒரு கிழவி நைனா கத்தியதைக் கேட்டு வாய்க்குள் விரலைவிட்டு, கடித்த பேரீச்சம்பழத்தை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, அதையே பார்த்து அழுதாள். தோல் ஷாப் சுண்ணாம்புத் தொட்டியோரம் ஆட்கள் செம்பைக் கவிழ்த்துத் தண்ணீர் குடித்து முடித்திருந்தார்கள்.

மசூதிக்குப் போனால் முத்தவல்லி சாயுபு மினார்ப் படியிலேயே உட்கார்ந்திருந்தார். சுருட்டின கொடி மடியில் கிடந்தது. முகத்தில் ரத்தமே இல்லை.

"கொடி என் கையில இருக்குது. வேட்டு எப்பிடிடா கேட்டுச்சி?"

நைனா அவர் காலடியில் விழுந்தார். நான் வைக்கவில்லை என்று சொல்லவில்லை. "என் குழாய் பொய் சொல்லிடுச்சி, சாயுபு" என்றார். அவ்வளவுதான்.

மைதானத்தில் என்ன நடந்தது தெரியுமா? வேட்டுச் சத்தத்துக்கு மூன்று பள்ளிப் பையன்களும் ஒரே சமயத்தில் பாய்ந்து புறப்பட்டார்களாம். ஒரு சண்டை இல்லை, ஒரு சத்தம் இல்லை. ஆகா, இதுதான் ஒழுங்கு, இதைத்தான் சர்க்கார் எதிர்பார்க்கிறது என்று அதிகாரி எழுந்து நின்று கைதட்டினாராம். கயிற்றுக்கு வெளியே நின்ற பாய்மார்கள் பாதிப் பேர் பழக்கதோஷத்தில் சட்டைப்பையிலிருந்த பேரீச்சையை வாயில் போட்டுவிட்டார்கள். முத்தவல்லியின் பேரன்தான் முதலில் வந்தான். அவனுக்கு அது பந்தய வேட்டு என்று தெரியும், அதனால் வாயில் ஒன்றும் வைக்கவில்லை. ஊரெல்லாம் நோன்பு முறிந்த அன்றைக்கு, ஓடி ஜெயித்தவன் நோன்பு மட்டும் முறியவில்லை. இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்வது? கோப்பையை வாங்கின கையோடு தாத்தாவிடம் ஓடிவந்து, வேட்டு வைத்தது யார் என்று சொன்னவனும் அவன்தான்.

டிரில் மாஸ்டரும் வந்தார். யார்யாரோ சொல்லித்தான் அவருக்கு உறைத்திருக்கிறது. வேட்டியைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார், கழுத்தில் விசில் இல்லை. மசூதி வாசலில் நின்று, "நான்தான் வைத்தேன். அவர் வேண்டாம் என்றுதான் சொன்னார்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். ஆனால் மசூதிக்கு வந்தவர்கள் மட்டுமா ஊர்? வீட்டுக்குள் இருந்தவர்களுக்குக் கேட்டது நைனாவின் குழாய்தான். 'வேட்டுக்காரன் கண்ணு அவிஞ்சா போச்சு?' என்று தெருவில் கேட்டார்கள். அன்றைக்கு எங்கள் வாசலுக்குக் கஞ்சித் தூக்கு வரவில்லை. வராது என்று தெரிந்தும் நான் போய்ப் போய் எட்டிப் பார்த்தேன்.

அம்மாதான் விடவில்லை. கிணற்றடியில் நின்று, "வெச்சது முட்டிக்காரன், பழி எங்க தலையிலயா? அந்தப் பாவி கை வெளங்குமா?" என்று சண்டை போட்டாள். நைனா, "சும்மா கெட. யாரு வெச்சா இன்னா, குழாய் என்னுது" என்று அவளை இழுத்துக்கொண்டு வந்தார்.

மறுநாள் அவர் குளத்து மேட்டுக்குப் போகவில்லை. முத்தவல்லி ஆள் அனுப்பியும் போகவில்லை. மீதி நோன்பு நாளெல்லாம் தோல் ஷாப் சங்கை ஊதித்தான் நோன்பு திறந்தார்கள். ஷிப்டு விடுகிற அதே சங்கு. அது ஊதும்போதெல்லாம் நைனா கொல்லைப்பக்கம் போய் நின்றுகொள்வார். குழாயை அங்கே கவிழ்த்துப் போட்டிருந்தார். மழைத் தண்ணீர் பட்டுத் துரு ஏறியது. துருவேறிய பொருள் வீட்டில் இருக்கக் கூடாது என்று தினமும் எண்ணெய் போட்டுத் துடைத்த மனுஷர், அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஒழுங்காகச் சாப்பிடவும் இல்லை. எட்டு வயசில் எனக்கு ஒன்றே ஒன்றுதான் பயம்: நைனா இனிமேல் எப்போதும் இப்படியே இருந்துவிடுவாரோ?

பண்டிகை முடிந்து சில நாள் கழித்து முத்தவல்லி சாயுபு எங்கள் வீட்டுக்கு வந்தார். கூடவே பேரன். அதற்குமுன் அவர் எங்கள் வாசலை மிதித்ததில்லை. அம்மா பதறிப்போய்ப் பாயை விரித்தாள்.

"அன்னிக்கு முறிஞ்சுபோன நோன்புக்குப் பதிலா ஒரு நோன்பு வெக்கணும். அவங்கவங்க தனியா வெச்சுக்கலாம். ஆனா ஊரா கெட்டுது, ஊரா சேந்து வெக்கலாம்னு முடிவு பண்ணிட்டோம். வெள்ளிக்கிழமை. நீ வேட்டு வெக்கணும்."

"வேணாம் சாயுபு. சங்கு இருக்குதில்ல?"

"சங்குக்கு முறியலியே. உன் குழாய்க்குத்தான முறிஞ்சுது. அதே குழாய் சொன்னாத்தான் எங்க பொம்பளைங்க தொறப்பாங்களாம். நான் சொல்லல, அவங்க சொல்லி அனுப்பினாங்க."

மறுநாள் விடியற்காலையில் கொல்லையில் குழாயைத் தேய்க்கும் சத்தம் கேட்டுத்தான் எனக்கு விழிப்பு வந்தது.

அந்த வெள்ளிக்கிழமை வானம் துடைத்துவிட்டது போல இருந்தது. குளத்து மேட்டில் கால் வைக்க இடமில்லை. டிரில் மாஸ்டரும் வந்து ஓரமாக நின்றார், வேட்டிதான். அம்மா இந்தத் தடவை அவரைத் திட்டவில்லை. சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கியது எல்லோருக்கும் கண்ணாரத் தெரிந்தது. மினாரில் பேரன் கொடியை ஏற்றினான்.

நைனா கோலை நீட்டினார். கோலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "மறைஞ்சிடுச்சா? நல்லா மறைஞ்சிடுச்சா?" என்று பக்கத்தில் இருந்தவர்களைக் கேட்டார். எல்லோரும் 'ஆமாம் ஆமாம்' என்றார்கள். மறுபடி நீட்டினார், மறுபடி இழுத்துக்கொண்டார். ஊரே வாய்க்குப் பக்கத்தில் பழத்தை வைத்துக்கொண்டு காத்திருக்கிறது, கொடி பறக்கிறது, வேட்டு கேட்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

முத்தவல்லி சாயுபு கூட்டத்தை விலக்கிக்கொண்டு நைனா பக்கத்தில் வந்து நின்றார். பையிலிருந்து ஒரு பேரீச்சையை எடுத்தார். வேட்டு கேட்காமல் அவர் நோன்பு திறந்து யாரும் பார்த்ததில்லை. பழத்தை எல்லோரும் பார்க்க வாயில் போட்டு மென்று விழுங்கினார்.

"நான் தொறந்துட்டேன்டா. தப்புன்னா அந்தப் பாவம் என்னுது. நீ வெய்யி."

சொல்லிவிட்டு இன்னொரு பழத்தை எடுத்து நைனாவிடம் சும்மா மரியாதைக்கு நீட்டினார். அப்போதுதான் நைனாவின் உதட்டைப் பார்த்தார். வெடித்துத் தோலுரிந்து கிடந்தது. நீட்டிய கை அப்படியே நின்றுவிட்டது.

"டேய்... நீயும் நோன்பு வெச்சிருக்கியாடா?"

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். காலையில் சோறு வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனவர், தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்பது அவளுக்கே அப்போதுதான் தெரியும்.

"மொதல்ல ஊரு தொறக்கட்டும் சாயுபு" என்றார் நைனா. கோலை நீட்டி நெருப்பை வைத்தார்.

வேட்டு வெடித்தது. சந்துக்குள்ளிருந்து டம்ளர் சத்தம் மேடு வரைக்கும் கேட்டது. நைனா அந்தப் பழத்தை வாங்கி வாயில் போட்டுக்கொண்டார். அன்றைக்கு நாங்கள் வீடு திரும்பியபோது, கஞ்சித் தூக்கோடு பேரன் எங்களுக்கு முன்னால் ஓடிவந்து வாசலில் நின்றிருந்தான்.